இடது பாதி கறுப்பு

“அவங்க உங்களவிட நல்லா ஓட்டுவாங்களாக்கும்?”

“என்னையவிடவா? அவ வண்டி எடுத்தான்னா நான் எடுக்கவே மாட்டேன். பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். அப்படி ஓட்டுவா.”

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் நடந்த பேச்சு இது. கேட்டவள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் வசந்தாமணி, பதில் சொன்னவர் அவளைக் கட்டிய தனபால். கோயமுத்தூர் ராம்நகரில் தகரக் கூரை போட்ட மாடிப் போர்ஷன், கொடியில் காயாத துணி, வெளியே ஐப்பசி மழை. கட்டினவளிடம் ஒளிவுமறைவு கூடாது என்று நினைக்கிற மனிதர் தனபால். அதனால், சென்னையில் படித்த காலத்தில் ஷைலஜா என்று ஒரு தோழி இருந்ததையும், சனிக்கிழமைதோறும் மவுண்ட் ரோட்டில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருந்த வீடியோ கேம் கூடத்துக்கு இருவரும் போனதையும், அங்கே ‘கோரல் டிரைவ்’ என்ற கார் பந்தயத்தை ஆடியதையும் அவராகவே சொல்லிவிட்டார். வேறு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

வசந்தாமணி நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. வேறு ஏதாவது இருந்திருந்தால் ஒரு நாள் அழுது, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் மன்னித்துத் தொலைத்திருக்கலாம். ‘பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்’ என்பதை என்னவென்று மன்னிப்பது?

நாற்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு மகனைப் பெற்று, படிக்கவைத்து, புனேவுக்கு அனுப்பியாகிவிட்டது. தனபாலுக்கு முழங்கால் வலி வந்தது. அவளுக்குச் சர்க்கரை வந்தது. அந்தப் பேச்சு மட்டும் நேற்றுச் சொன்னதுபோல அப்படியே இருந்தது.

தனபால் சம்பளத்துக்குப் பார்த்த வேலை, மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிற கம்பெனியில். பேர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. கேம் கூடங்களில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் கார் பந்தயங்களையும், அவற்றை வீட்டு டிவியில் ஆடுவதற்காகச் சின்னக் கன்சோலுக்கு மாற்றிய பதிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிற ஓர் இணையச் சேனலை அவர் நடத்திவந்தார். திரையை இரண்டாகப் பிரிப்பார். இடது பாதியில் ஆர்கேட் அசல். வலது பாதியில் வீட்டுப் பதிப்பு. பீரோ உயரத்துக்கு நின்ற ஓர் இயந்திரத்தில் இருந்ததை டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் திணிக்கும்போது எதையெல்லாம் கழற்றி வெளியே போட்டார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அதில் ருசி. அசலில் அடிக்கிற அலை வீட்டில் அடிக்காது. பாலத்துக்குக் கைப்பிடி இருக்காது. நான்கு வகைத் தென்னை ஒரே வகையாகியிருக்கும்.

மரம் எண்ணுவது வசந்தாமணியின் பொறுப்பு. காட்சியை நிறுத்தி நிறுத்தி, நோட்டில் கோடு போட்டு எண்ணுவாள். அவள் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. “கண்டக்டரம்மா, வலது பக்கம் எத்தனை?” என்று உள்ளே இருந்து குரல் வரும். கண்டக்டரம்மா என்று அவர் கூப்பிட ஆரம்பித்து எத்தனையோ காலமாயிற்று. பேர் ஒட்டிக்கொண்டதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

‘கோரல் டிரைவ்’ மட்டும் தனி. அந்த இயந்திரம் உலகம் முழுக்க நானூறுதான் விற்றதாம். யாரும் நகலெடுக்கக் கூடாது என்று தயாரித்தவர்கள் உள்ளே ஒரு பேட்டரியை வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் ஆட்டத்தின் நிரலும் அழிந்துவிடும். ஒவ்வொன்றாகத் தீர்ந்து, ஒவ்வொன்றாக அழிந்து, கடைசி இயந்திரமும் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. வீட்டுப் பதிப்புகள்தான் மிச்சம். அதனால் ‘கோரல் டிரைவ்’ வீடியோக்களில் இடது பாதி எப்போதும் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பைத் தனபால் வாயாலேயே நிரப்புவார்.

“அசல்ல டன்னல் விளக்கு நாலு நாலா வரும். இதுல பாருங்க, ரெண்டு ரெண்டு. அப்புறம் டயர் கீச்சுன்னு இழுக்கறப்போ டிரம் நின்னு போகுது, கேட்டீங்களா? சின்னப் பெட்டிக்கு ஒரே நேரத்துல அத்தனை சத்தம் வராதுங்க. டயர் கத்துனா டிரம் வாய மூடிக்கணும். அசல்ல டிரம் நிக்கவே நிக்காது.”

பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். வசந்தாமணியால் அப்படிக் கேட்க முடிந்ததில்லை. அந்தக் கறுப்புக்குள் ஷைலஜா உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை அவளை இணையத்தில் தேடியும் பார்த்தாள். டொராண்டோவில் இருந்தாள், நரைத்த தலை, பெரிய கண்ணாடி, மடியில் ஒரு நாய். பார்த்தால் ஆறிவிடும் என்று நினைத்தது ஆறவில்லை. பொறாமை அந்த அம்மாள் மேலா? இருபது வயசுப் பெண்ணின் மேல். அவளுக்குத்தான் வயசே ஆவதில்லையே.

இன்னொன்றும் இருந்தது. ராம்நகர் வீட்டில் இருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த தனபாலின் சித்தப்பா மகன் ஒரு சாம்பல் நிறக் கன்சோலை, ‘கோரல் டிரைவ்’ வீட்டுப் பதிப்போடு, கல்யாணப் பரிசாகக் கொடுத்தான். பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர்கள். ஒன்றைத் தனபால் எடுத்துக்கொண்டார். மற்றொன்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. எத்தனையோ நாள் வசந்தாமணி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். வாயைத் திறப்பாள். “காப்பி போடட்டுங்களா?” என்று வரும். கேட்க நினைத்தது அதையல்ல. கேட்டால், அவர் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒப்பிட்டுவிடுவாரே. ஒப்பிடுவதுதானே அந்த மனிதரின் பிறவிக்குணம்.

இந்த நிலையில்தான் மிதுனா வந்தாள். அவிநாசி ரோட்டில் பழைய ஆட்டங்களுக்கென்று ஒரு காப்பகம் திறந்திருந்தார்கள், அங்கே வேலை. இருபத்தேழு வயசு இருக்கும். கொடுத்த முறுக்கைக் கூச்சமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு விஷயத்த முழுக் கவனத்தோட பாத்திருந்தீங்கன்னா, பாத்தது, கேட்டது ரெண்டும் மூளையில பதிஞ்சிருக்கும் சார். அத எங்க மெஷின் படிச்சு, படமாவும் சத்தமாவும் ஆக்கிரும். ‘கோரல் டிரைவ்’ அசலை இவ்வளவு கவனமா பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். உங்க நினைவுல இருந்து அதைத் திரும்பக் கட்டிரலாம்.”

தனபாலின் முகம் இருபது வயசுக்குப் போய்விட்டு வந்தது. பிறகுதான் மிதுனா மற்றதைச் சொன்னாள். ஒன்றை நினைக்கும்போதெல்லாம் அந்த நினைவு ஈரக் களிமண்போல இளகுமாம். நினைத்து முடித்ததும் மறுபடி இறுகுமாம். இயந்திரம் அதை வெகுநேரம் இளகிய நிலையிலேயே பிடித்து வைத்திருப்பதால், முன்போல இறுகுவதில்லை. மொத்தம் மூன்று சிட்டிங். மூன்றாவது முடிந்தபின் அந்த நினைவு அவரிடம் இருக்காது.

“அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு யாராவது சொன்னா தெரிஞ்சுக்குவீங்க. ஆனா பாத்த மாதிரி இருக்காது சார். இன்னொண்ணும் சொல்லிரணும். பக்கத்துல இருந்ததெல்லாம் கூடவே வந்துரும். போன வருஷம் ஒருத்தர் சின்ன வயசுல ஸ்டேடியத்துல பாத்த ஒரு மேட்சக் குடுத்தார். அவங்கப்பா தோள்மேல உக்காந்து பாத்தாராம். இப்ப அந்தத் தோளும் அவருகிட்ட இல்ல.”

வசந்தாமணியின் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான் விழுந்தது. பக்கத்தில் இருந்ததெல்லாம் கூடவே வந்துவிடும்.

அடுத்த மூன்று நாள் தனபால் தூங்கி எழுவதும் யோசிப்பதுமாக இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. வசந்தாமணி அவசரப்படவில்லை. தோசை ஊற்றும்போது ஒரு வார்த்தை, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை. ஊர் உலகத்துக்கே பயன்படுமே, உங்களோடு முடிந்து போவதற்கா இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்தீர்கள், கறுப்பாகவே கிடக்கிற அந்தப் பாதியில் ஒரு நாளாவது படம் வரவேண்டாமா என்றெல்லாம் பேசினாள். பேசப் பேச அவளுக்கே அது நியாயம்போலத் தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கேட்டார். “அது என்கிட்ட இருந்து போயிரும் மணி. பரவால்லையா?”

“போனா என்னங்க? நாந்தான் இருக்கறனல்ல,” என்றாள்.

“உனக்குச் சரின்னா சரி,” என்றார்.

படிவத்தில் ‘இழக்கவிருக்கும் நினைவு’ என்ற இடத்தில், ‘1991, சென்னை, ஆர்கேட்’ என்று அவர் எழுதினார். கீழே குடும்பத்தார் கையொப்பம். வசந்தாமணி பேங்கில் போடுவதைவிட அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சிட்டிங்கில் தனபாலுக்குத் தொப்பிபோல ஒன்றை மாட்டி, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். ‘கோரல் டிரைவ்’ ஆடியதிலேயே மறக்க முடியாத ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் மிதுனா. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு திரை. அதற்கு முன்னால் வசந்தாமணி.

முதலில் வெறும் புகை. அப்புறம் ஒரு நீலம் வந்தது. அப்படி ஒரு கடலை எந்த ஆர்கேடும் காட்டியிருக்க முடியாது. நினைவு கொஞ்சம் கூடுதலாக வர்ணம் பூசும், பின்னால் சரிசெய்துவிடுவோம் என்று மிதுனா சொன்னாள். சாலை ஓடியது, தென்னைகள் கலங்கலாகப் பின்னால் போயின. இசை பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் இடைவிடாத ஓர் இரைச்சல், கூட்டமாகக் கைதட்டுகிறாற்போல. கேம் கூடத்துச் சத்தம் என்று குறித்துக்கொண்டார்கள்.

திரையின் இடது ஓரத்தில் பச்சையாக என்னவோ மினுங்கியது. வளையல். அடுத்த வளைவில் யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

முகம் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தார், அதனால் வராது என்று மிதுனா விளக்கினாள். முகம் எதற்கு? அந்தச் சிரிப்பு போதாதா? பயமில்லாத, தொண்டை நிறைந்த, பக்கத்தில் இருப்பவன் தன்னுடையவன் என்று தெரிந்த சிரிப்பு. வசந்தாமணியால் அப்படிச் சிரிக்க முடியாது. ‘உன்ற சிரிப்பு தேங்கா துருவுற மாதிரி’ என்று, தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தபோது அக்காள் சொன்ன நாளிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள்.

எழுந்து வந்த தனபால் திரையைப் பார்த்தார். “அதேதான். அசலு,” என்றார். கண் கலங்கியிருந்தது. அதையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

மரம் எண்ண வேண்டும் என்று சொல்லி அந்தப் பதிவின் நகலை வாங்கி வந்தாள். உண்மையில் எண்ணும்படி மரங்கள் தெளிவாக இல்லை. தனபால் காலையில் நடக்கப் போனதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பாள். மறுபடி கேட்பாள். புண்ணைச் சொறிகிற சுகம். கேட்டுக் கேட்டு, சிரிப்பின் முடிவில் மூச்சு லேசாக விக்குவதுவரை மனப்பாடமாயிற்று. இப்படிச் சிரித்தால் எவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கமாட்டான் என்று நினைத்தாள்.

இரண்டாவது சிட்டிங்கில் பாலம் வந்தது. திரும்பி வரும்போது ஆட்டோ ராம்நகர் வழியாகப் போயிற்று. தனபால் வெளியே எட்டிப் பார்த்து, இந்தத் தெருவுக்கு நாம் எப்போதாவது வந்திருக்கிறோமா என்று கேட்டார். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஷைலஜாவோடு போன மவுண்ட் ரோடு மட்டும் கடைசிக் கல்வரை நினைவிருக்கும், குடித்தனம் நடத்திய தெரு மறந்துபோகும். பதில் சொல்லாமல் வந்தாள். அந்த வாரம் அவர் அவளை மணி, மணி என்றே கூப்பிட்டார். கண்டக்டரம்மா என்ற குரல் வரவில்லை. களைப்பு என்று நினைத்தாள்.

மூன்றாவதும் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி அரிசிம்பருப்புச் சாதம் வைத்தாள், நெய் இரண்டு கரண்டி தூக்கலாக. விருந்து என்று அவள் சொல்லவில்லை. மனசுக்குள் அது விருந்துதான். ஷைலஜாவை வழியனுப்பிய விருந்து. தனபால் ரசித்துச் சாப்பிட்டார். நாற்பத்திரண்டு வருஷமாக இந்தச் சாதத்தை வைத்தால் அவர் ஒரு கிண்டல் செய்வார்: முதல் தடவை அடிப்பிடித்துப்போய்க் குக்கரையே தூக்கிப் போட்ட கதை. இன்று சொல்லவில்லை.

“நல்லாருக்குது. இத எப்பக் கத்துக்கிட்ட?” என்றார்.

ஒரு நாளாவது கிண்டல் இல்லாமல் சாப்பிட்டாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து இறுதிப் பதிவு வந்தது. சத்தத்தைச் சுத்தப்படுத்தியிருந்தார்கள். டன்னல் விளக்குகளையும் மரங்களையும் எண்ணிக் கொடுத்தால், தனபால் ‘இதுவே அசல்’ என்று சான்றுக் கையெழுத்துப் போடுவார். பிறகு சிரிப்பையும் இரைச்சலையும் நீக்கிவிட்டு உலகத்துக்கு வெளியிடுவார்கள். சிரிப்பை நீக்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தித்திப்பான செய்தி. கடைசியாக ஒரு முறை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினாள். தனபால் நடக்கப் போயிருந்தார்.

டன்னல் வந்தது. கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போயிற்று. 2. 2. 2.

பேனா நின்றது. அசலில் நாலு நாலாக வரும் என்று எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள்! நினைவுப் பிசகாக இருக்கும் என்று மேலே ஓட்டினாள். வண்டி கடைசி வளைவில் பக்கவாட்டில் இழுத்தது. டயர் கீச்சிட்டது.

டிரம் நின்றது.

பின்னோக்கி ஓட்டி மறுபடி கேட்டாள். டயர் கத்தியது, டிரம் வாயை மூடிக்கொண்டது. டிரம் இல்லாத அந்த இரண்டு விநாடி நிசப்தத்தில் சிரிப்பு பளிச்சென்று கேட்டது. சிரிப்புக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்த ஒரு குரலும் கேட்டது.

“அடுத்தது டன்னலு, டன்னலு. டன்னலெல்லாம் எறங்கிக்கோங்...”

பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. சென்னைக்காரி அப்படிப் பேசமாட்டாள். கைதட்டல் என்று நினைத்த இரைச்சலை இப்போது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தகரக் கூரையில் மழை.

ராம்நகர். முதல் ஐப்பசி. சாம்பல் நிறக் கன்சோல். அவர் ஓட்ட, பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி அடுத்து வருகிற இடத்தைக் கூவிக் கூவிச் சிரித்தவள் யார்? கல்யாணத்துக்குப் போட்ட பச்சை வளையலைக் கழற்ற மனசில்லாமல் கார்த்திகைவரை போட்டிருந்தவள் யார்? சொந்தச் சிரிப்பை வெளியே நின்று யார் கேட்டிருக்கிறார்கள்? வசந்தாமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு மனப்பாடம் செய்தது தன்னைத்தான்.

தனபால் திரும்பி வரும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. அவிநாசி ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

மிதுனா நோட்டைப் பார்த்தாள். பதிவை ஓட்டிக் கேட்டாள். அவள் சொன்னது இதுதான்: மூளைக்கு எந்த இயந்திரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எந்த ஆட்டம் மறக்க முடியாதது என்று கேட்டோம்; எது ஆழத்தில் இருந்ததோ அதைக் கொடுத்துவிட்டது. ஆர்கேட் என்றே அவர் நினைத்துக்கொண்டதால், அவராலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இத்தன வருஷம் ஒப்பிட்ட மனுசனுங் கண்ணு,” என்றாள் வசந்தாமணி. சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. பிறகு கேட்டாள், “திருப்பி வெக்க முடியாதுங்களா?”

“பதிவப் போட்டுக் காட்டலாம் மேடம். பாப்பாரு, கேப்பாரு. ஆனா வேற யாரோ ஓட்டுன மாதிரிதான் அவருக்கு இருக்கும்.”

மிதுனா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “ஒரு விஷயம் மேடம். ஆர்கேட் நினைவு அப்படியேதான் இருக்கும். நாம அதத் தொடவே இல்ல. இப்ப வேற ஒண்ணும் குறுக்க வராது. நீங்க இன்னொரு தடவ கையெழுத்துப் போட்டீங்கன்னா, இந்தத் தடவ சரியா அதையே எடுத்துரலாம்.”

படிவத்தை மேஜைமேல் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கையெழுத்து. ஷைலஜா அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தாள், மவுண்ட் ரோட்டில், இருபது வயசில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. ராம்நகர் போயிற்று. தகரக் கூரை, அடிப்பிடித்த சாதம், கண்டக்டரம்மா எல்லாம் போயிற்று, அவளே அழகாகப் போட்ட கையெழுத்தில். இப்போது ஷைலஜாவையும் அனுப்பிவிட்டால் அந்த மனிதரிடம் இளமை என்று என்னதான் மிஞ்சும்? அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. பொறாமை அப்போதும் தீர்ந்துவிடவில்லை. பல்வலிபோல அதன் இடத்தில் இருந்தது. பல்வலிக்காகத் தலையை எடுப்பார்களா?

“வேண்டாங் கண்ணு,” என்றாள். “அந்தப் பாதி கறுப்பாவே இருக்கட்டும். இது அசல் இல்ல, வீட்டுப் பதிப்புன்னு எழுதிக்கோங்க. எண்ணுனது நாந்தான்னும் எழுதிக்கோங்க.”

கிளம்பும்போது, அந்தச் சிரிப்பை நீக்காத நகல் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தனபாலிடம் சொன்னாள். எடுத்துவிட வேண்டும் என்று ஏன் அத்தனை அவசரப்பட்டாள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கடைசியில், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி விசாரிப்பதுபோல, “எப்படி இருந்துச்சு மணி, அந்த வீடு?” என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மாடிப்படி எத்தனை, கொடி எந்தப் பக்கம், மழை வந்தால் எங்கே ஒழுகும், சாதம் எப்படிக் கருகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இத்தனை வருஷம் அவர் வாயால் நிரப்பிய கறுப்பு, இப்போது அவள் நிரப்பவேண்டிய கறுப்பாகிவிட்டது. ஒரு கட்டத்தில் அவர் கை அவள் மணிக்கட்டைத் தடவி, அங்கே வளையல் இருக்கிறதா என்று பார்த்ததுபோல நின்றது.

மதியம் மூன்று மணிக்கு வானம் மூட்டமிட்டது. வசந்தாமணி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து சாம்பல் நிறக் கன்சோலை இறக்கினாள். தனபால் தூசி துடைத்து, ஒயரை மாட்டினார். கை தன்பாட்டில் வேலை செய்தது. இந்தப் பெட்டி எப்போது, யாரால் வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அடியில் பிளாஸ்டிக் உறையோடு இரண்டாவது கன்ட்ரோலர் கிடந்தது. உறை மஞ்சளித்திருந்தது.

“இதப் பிரிக்கவே இல்லையே. ஏன்?” என்று ஆச்சரியப்பட்டார். “நீ இந்த ஆட்டம் ஆடியிருக்கியா மணி?”

“இல்லீங்க. ஆனா ரூட்டு தெரியும்.”

அவர் சிரித்தார். திரையில் கடல் வந்தது, அலையடிக்காத கடல். பழக்கத்தில் தன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு டிவிக்கு நேராக உட்காரப் போனார்.

வசந்தாமணி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வந்து அவர் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள். காப்பி என்ற வார்த்தை நுனி நாக்குவரை வந்தது, அதை விழுங்கினாள். குனிந்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னைக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க.”